கையைக் கட்டு டீச்சர்

உதவி செய்வதை ‘கையைக் கட்டு’ டீச்சர் அளவுக்கு வெறுத்த மனிதப் பிறவியை நான் கண்டதில்லை. இத்தனைக்கும் உதவி செய்யப் பயிற்சி கொடுப்பதுதான் அவர் உத்தியோகம். என் நாட்குறிப்பில் “புதன். அவலூர்பேட்டைச் சந்தை. மூவர் கையும் கட்டப்பட்டது” என்று இருக்கிறது. வருடத்தின் மேல் மை கொட்டிவிட்டது. அறுபதுகளின் நடுப்பகுதி என்பது மட்டும் நிச்சயம்.

மனநோய் குணமாகி ஊர் திரும்புகிறவர்களை மறுபடி வாழப் பழக்குவது எப்படி என்று எங்களுக்குக் கற்பிக்கச் செஞ்சிக்கு வந்தவர் அவர். மாணவர்கள் மூவர்: கம்பவுண்டர், தாதியம்மா, சுகாதார ஆபீஸ் எழுத்தரான நான். பாடம் ஒரே வரி: “அவங்களால முடியறத நீங்க செய்யாதீங்க. கையக் கட்டு!”

எங்கள் முதல் ஆள் ஆரோக்கியம். எட்டு வருடம் மருத்துவமனையில் இருந்தவர். அவர் தம்பி கண்டிப்பாகச் சொல்லிவிட்டான்.

“இன்னா டீச்சர், எத்தினி நாளு காவல் இருக்கறது? தானே சந்தைக்குப் போயி மாட்டுக்கு மூக்கணாங்கயிறு வாங்கியாரட்டும். வந்தா ஊட்ல இருக்கட்டும். இல்லன்னா ஆஸ்பத்திரிக்கே அனுப்சிடுவேன்.”

பத்தடி தள்ளி நாங்கள் போகலாம், பேசக் கூடாது என்பது டீச்சர் உத்தரவு. ஆனாலும் உதவத் துறுதுறுக்கும் கம்பவுண்டரின் கையை அவர் நம்பவில்லை. மூவர் கையையும் முதுகுக்குப் பின்னால் பேண்டேஜ் துணியால் கட்டி, முடிச்சின் மேல் ஆபீஸ் அரக்கை உருக்கி முத்திரையும் குத்தி, பஸ் ஏற்றிவிட்டார்.

சந்தையில் கயிற்றுக் கடைக்கு எதிரே ஆரோக்கியம் நின்றார். நின்றார். நின்றுகொண்டே இருந்தார்.

“நான் போயி ஒரு வார்த்த கேட்டுட்டு வந்துடறேனே” என்றார் கம்பவுண்டர். தாதியம்மா அவர் காலை மிதித்தார்.

கடைசியில் ஆரோக்கியம் கடைக்குள் போனார். ஒரு கயிற்றை முறுக்கிப் பார்த்தார். “இது இத்துப் போயிருக்குதே. வேற காட்டு.”

எங்களுக்கு ஆடத் தோன்றியது. அதற்குள் எங்களைச் சுற்றிக் கூட்டம்.

“இன்னா திருடுனீங்க?” என்றார் ஒரு பெரியவர்.

“பெரியவரே, நாங்க சர்க்கார் ஆளுங்க!” என்றார் கம்பவுண்டர்.

“அதான் கட்டி வெச்சிருக்காங்களா?”

விளக்கி முடிப்பதற்குள் ஆரோக்கியத்தைக் காணோம். செஞ்சி பஸ் உறுமியது. கை பின்னால் கட்டியிருக்க மூன்று பேர் ஓடுவதைச் சந்தையே எழுந்து நின்று பார்த்தது.

பஸ்ஸுக்குள்ளிருந்து ஒரு குரல்: “நிறுத்துண்ணே! எங்க ஆளுங்க மூணு பேரு ஏறல.” ஆரோக்கியம்! இறங்கி வந்து ஒவ்வொருவராகப் பிடித்து ஏற்றினார்.

கண்டக்டர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். “யாருப்பா இவங்க? பைத்தியமா?”

“சேச்சே. டிரெய்னிங்ல இருக்காங்க.”

செஞ்சி பஸ் ஸ்டாண்டில் டீச்சரும் தம்பியும் காத்திருந்தார்கள். முதலில் கயிறோடு ஆரோக்கியம் இறங்கினார். பிறகு எங்களை இறக்கினார். தம்பி கயிற்றை இழுத்துப் பார்த்தான். அண்ணனையும் பார்த்தான்.

“நல்ல கயிறுதான். வாண்ணா, ஊட்டுக்குப் போலாம்.”

அன்று டீச்சர் பயிற்சிப் பதிவேட்டில் எங்கள் மூவர் பெயருக்கு எதிரே ‘தேறவில்லை’ என்று எழுதினார். பயிற்றுநர் பெயர் எழுதும் இடத்தில் ‘ஆரோக்கியம்’ என்று எழுதினார்.

எழுதும்போது அவர் அழுததாகத் தாதியம்மா சொல்கிறார். கண்ணில் பஸ் ஸ்டாண்டுப் புழுதி என்றார் டீச்சர். எது சரி என்று இன்றுவரை என்னால் உறுதி செய்ய முடியவில்லை. நான் தாதியம்மா கட்சி.