தண்ணீர் வராத குழாயைத் திருப்பிப் பார்ப்பவர்

சமைக்கத் தெரியாது, ஒரு தட்டைக்கூடக் கழுவியது கிடையாது, ஆனால் அடுக்களைக்கு எது வாங்கினாலும் தானே பார்த்துத்தான் வாங்குவேன் என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பும் ஓர் இனம் நம் ஊர்களில் செழித்து வளர்கிறது. கடைப் பலகையில் வரிசையாக மாட்டிவைத்திருக்கும் குழாய்களை, தண்ணீரே வராத அந்தக் குழாய்களை, இரண்டு விரலால் இப்படியும் அப்படியும் திருப்பி, "நல்ல ஸ்மூத்" என்று சான்றிதழ் கொடுப்பார்களே, அவர்களேதான். சங்கரன்கோவிலில் இந்த இனத்துக்கு ஒரு தலைவரைத் தேர்ந்தெடுத்தால் தாலுகா ஆபீஸ் ஹெட் கிளார்க் கோமதிநாதனுக்குப் போட்டியே இருக்காது.

அவர் வீட்டு அடுக்களைக் குழாய் ஒழுக ஆரம்பித்தது. மனைவி சண்முகசுந்தரிக்குத் தோள்பட்டை வலி. குடம் தூக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"மூக்கு நீளமா, திரும்புற மாதிரி வாங்குங்க. குடத்த மேடையில வச்சபடியே பிடிச்சிருவேன், தூக்க வேண்டாம்லா. மாவுக் கையா இருந்தா முழங்கையால தெறக்குற மாதிரியும் பாருங்க."

"எல்லாம் எனக்குத் தெரியும்ட்டி," என்றார் அவர்.

வீட்டில் கேட்பது அதோடு முடிந்தது. இனி ஊரைக் கேட்க வேண்டாமா? ஆபீசில் கேட்டார். டீக்கடையில் கேட்டார். சென்னையில் மூன்று வேளையும் மெஸ்ஸில் சாப்பிடும் மச்சான் மகன் ராம்சங்கரைப் போனில் கேட்டார். பித்தளையா எவர்சில்வரா, உள்ளே ரப்பரா பீங்கானா என்று வீடியோ வீடியோவாகப் பார்த்து, சோறு ஆறிப்போவதுகூடத் தெரியாமல் ஆராய்ச்சி செய்தார். பாத்திரம் கழுவுகிற ஒருவரைக்கூடக் கேட்கவில்லை என்பது தற்செயல்தான்.

கடைக்காரர் மம்மதுவுக்கு இந்த இனம் பழக்கம்.

"அக்காவையும் கூட்டிட்டு வந்திருக்கலாம்லா அண்ணாச்சி?"

"ஒரு குழாய் வாங்க எதுக்குவே குடும்பத்தோட வரணும்?" என்றவரின் கண், கன்னங்கரேலென்று மினுமினுத்த தட்டை வாய்க் குழாய் ஒன்றில் போய் நின்றது. "இது என்னதுவே?"

"அது அருவிக் குழாய். தண்ணி அகலமா விழும். ஆனா அண்ணாச்சி..."

"போடும்வே."

மம்மது பெட்டியைக் கட்டினார்.

மாட்டியாயிற்று. மூக்கு குட்டை, திரும்பாது. மாடித் தொட்டித் தண்ணீர் சீசன் முடிந்த குற்றாலம் மாதிரி வழிந்தது. அதிலும் பாதி குடத்துக்குள், பாதி வெளியே. மாவுக் கையால் தொட்டால் மினுமினுப்பு போய்விடுமாம். துடைக்க ஒரு மஞ்சள் துணி வேறு வாங்கிக் கொடுத்தார். சண்முகசுந்தரி சொல்லிப் பார்த்தாள். "பழகினா சரியாயிரும்," என்றார். அவள் புறவாசல் குழாயில் குடத்தைப் பிடித்து, இடுப்பில் ஏற்றி, பல்லைக் கடித்துக்கொண்டு படியேறினாள். பாவி மனிதர் அதைப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்தவர்களுக்குக் குழாய் காட்டுவதில் மும்முரமாக இருந்தார்.

தங்கச்சி வீட்டு விசேஷத்துக்கென்று அவள் வாசுதேவநல்லூருக்குப் போனாள். வீட்டில் ஒற்றை ஆள். குடம் காலி. அண்ணாச்சி தாமே பிடித்தார், சட்டை நனைந்தது. புறவாசலிலிருந்து தூக்கினார், இடுப்பு பிடித்துக்கொண்டது. அவள் ஊர் திரும்புமுன் நீள மூக்குக் குழாய் வந்து உட்கார்ந்துவிட்டது.

திருந்திவிட்டார் என்றா நினைக்கிறீர்கள்? அவள் வந்த அன்றே, பார்க்க வந்த ஆபீஸ் நண்பர் நெல்லைநாயகத்திடம் பாடம் நடந்தது.

"குழாய்னா பகட்டப் பாக்கக் கூடாதுவே. மூக்கு நீளமா திரும்பணும். குடத்த மேடையில வச்சபடியே பிடிச்சிரலாம். முழங்கையால தெறக்கணும். பொம்பளைகளுக்கு இதெல்லாம் எங்கவே தோணுது? நாமதான் யோசிச்சு வாங்கணும்."

காப்பி கொண்டுவந்த சண்முகசுந்தரி டம்ளரை அவர் முன்னால் கொஞ்சம் அழுத்தியே வைத்தாள். "ஆமா, நல்லா யோசிச்சிருக்கீங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். நெல்லைநாயகம் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார். அவரும் அதே இனம்தானே.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். உங்களிடம் ஒரே ஒரு கேள்வி. உங்கள் வீட்டு அடுக்களைக் குழாய் எந்தப் பக்கம் திருப்பினால் திறக்கும்? அவசரமில்லை, யோசித்தே சொல்லலாம். உள்ளே பார்த்துக் குரல் கொடுத்து மட்டும் கேட்கக் கூடாது.