சம்பந்திக்குத் தீர்த்தம்

தவலை சாய்ந்தது, ராஜையன் பிடித்துவிட்டான்.

வள்ளக்கடவிலிருந்து கிளம்பிய வள்ளம் கால்வாய்க் கரையில் இடித்ததில் வந்த வினை அது. வள்ளக்காரன் கழியைப் போட்டுவிட்டுப் பாய்ந்து, இரண்டு கையாலும் தவலையை அணைத்திராவிட்டால் குடிதண்ணீர் முழுவதும் கொட்டியிருக்கும். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. ஆனால் தொட்டுவிட்டானே!

பஞ்சாபகேசன் மெல்லத் திரும்பிப் பார்த்தார். வருங்காலச் சம்பந்தி ஸ்ரீகண்டையர் பாயில் சாய்ந்து ஜபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். பார்த்தாரா, பார்க்கவில்லையா என்று அந்த முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை.

திருவனந்தபுரத்துக்கு ரயில் வராத காலம். கொல்லம் போகவேண்டுமானால் கூரை போட்ட வள்ளத்தில் ஏறி, அதிலேயே சாப்பிட்டு, அதிலேயே படுத்துத் தூங்கிப் போய்ச் சேரவேண்டும். மாப்பிள்ளைப் பையன் கொல்லத்துக் கச்சேரியில் உத்தியோகம். பையனைப் பார்த்துப் பிடித்துவிட்டால் அங்கேயே தாம்பூலம் மாற்றிக்கொள்வதாக ஏற்பாடு. மகள் லலிதாம்பாளுக்கு ஏற்கெனவே மூன்று இடம் தட்டிப்போயிருந்தது. இதுவும் போனால் ஊரில் தலைகாட்ட முடியாது என்று பஞ்சாபகேசன் நிஜமாகவே பயந்தார்.

புறப்படும்போது மனைவி வாலாம்பாள் வேறு எச்சரித்திருந்தாள்.

"வழியெல்லாம் வாந்திபேதியாம். கண்ட ஜலத்தையும் குடிச்சு வைக்காதேங்கோ. காய்ச்சி ஆறவெச்சுத் தவலை நிறையக் கொடுத்திருக்கேன். அப்புறம், அவா ரொம்ப ஆசாரமாம். இந்தக் கல்யாணம் நடக்கறதும் நிக்கறதும் உங்க கையிலேதான் இருக்கு."

பஞ்சாபகேசன் ஒரு முடிவுக்கு வந்தார். தவலையைத் தூக்கினார், அவ்வளவு தண்ணீரையும் கால்வாயில் கவிழ்த்தார்.

"ஏன் ஓய் கொட்டறேள்?" என்று எழுந்து உட்கார்ந்தார் ஸ்ரீகண்டையர்.

"வள்ளக்காரன் தொட்டுட்டான், அண்ணா. கண்டவா தொட்ட தீர்த்தத்தை நான் நாக்கிலே வைக்கிற வழக்கமில்லை."

"பேஷ்" என்றார் ஸ்ரீகண்டையர். சற்றுத் தாமதமாகத்தான் சொன்னார்.

வேளி தாண்டியதும் வெயில் ஏறிற்று. கடினங்குளத்தில் வள்ளத்தைக் கட்டச் சொல்லிவிட்டு, பஞ்சாபகேசன் செம்பும் கையுமாகக் கோயில் கிணற்றுக்கு ஓடினார். அங்கே வாந்திபேதிக்காக சர்க்காரில் மருந்து போட்டிருந்தார்கள். தண்ணீர் கத்தரிப்பூ நிறத்தில் இருந்தது. குடித்தால் ஒன்றும் செய்யாது என்றார் அர்ச்சகர்.

"இது என்ன ஓய், இந்த நிறம்?" என்று செம்பை எட்டிப் பார்த்தார் ஸ்ரீகண்டையர்.

"மருந்து, அண்ணா."

"யார் போட்டா?"

சாதாரணமாகத்தான் கேட்டார். பஞ்சாபகேசனுக்கு அது குறுக்கு விசாரணையாகப் பட்டது.

"அதானே! எவன் கையோ, என்ன ஜாதியோ" என்று சொல்லிச் செம்பையும் கவிழ்த்துவிட்டார்.

"எனக்குத் தாகமே இல்லை ஓய். நீங்க குடிச்சிருக்கலாமே?"

"நன்னாயிருக்கே! அண்ணா குடிக்காம நானா?"

பிறகு கட்டுச்சாதத்தைப் பிரித்தார்கள். வாலாம்பாள் சம்பந்தியின் நாக்கை உத்தேசித்துப் புளியோதரையில் உப்பும் காரமும் தாராளமாகப் போட்டிருந்தாள். ஸ்ரீகண்டையர் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார்; தண்ணீர் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. விரலை ஈரத்துணியில் துடைத்துக்கொண்டு மறுபடியும் ஜபமாலையை எடுத்தார். பஞ்சாபகேசனுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மனுஷனா ரிஷியா என்று அந்த வேதனையிலும் ஆச்சரியப்பட்டார். இந்த வீட்டுக்குத்தான் பெண்ணைக் கொடுக்கவேண்டும் என்ற ஆசையும் அதிகமாயிற்று.

அடுத்த தோப்பில் மறுபடி இறங்கினார். மரமேறியிடம் இரண்டு இளநீரைக் கயிற்றில் கட்டி, அவன் தொட்ட தீட்டுக் கழியத் தண்ணீருக்குள் இறக்கச் சொல்லி, தாமே முழங்காலளவு நனைந்து, தாமே கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வந்தார். யாரும் சீவவேண்டாம், தாமே சீவிக்கொள்வதாகவும் சொல்லிவிட்டார். அவர் கை ஆயுசு முழுக்கப் பேனா பிடித்த கை. முதல் இளநீர் கத்திக்குத் தப்பித்துக் கால்வாயில் குதித்து, வந்த வழியே மிதந்து போயிற்று. இரண்டாவது அசையாமல் இருந்தது, கட்டைவிரல்தான் அசைந்துவிட்டது.

"ஐயையோ, ரத்தம்!" என்றார் ஸ்ரீகண்டையர்.

"ரத்தம் பட்டது ஆகாது, அண்ணா!" என்று அவர் மேலே பேசுவதற்குள் அதையும் வெளியே எறிந்தார் பஞ்சாபகேசன்.

"விரலைக் கட்டுங்கோ. எனக்காக இவ்வளவு சிரமம் எதுக்கு? தாகமே இல்லைங்கறேனே!"

கொஞ்ச நேரத்தில் அவருடைய குறட்டை கேட்டது. வயிறு குளிர்ந்தவனுக்கு வரும் தூக்கம். பஞ்சாபகேசனுக்கு எச்சில்கூட ஊறவில்லை. தலை சுற்றியது. கல்யாணம் கிடக்கட்டும், பெண்ணுக்கு அப்பன் என்று ஒருவன் உயிரோடு இருக்கவேண்டாமா என்று தோன்றியது. பூணூலைப் பார்த்தார், கண்ணை மூடிக்கொண்டார். சத்தமில்லாமல் நாலு காலில் தவழ்ந்து வள்ளத்தின் பின்பக்கம் போய்ச் சேர்ந்தார்.

"ராஜையா" என்றார், காற்றுக் குரலில். "நீ குடிக்கிறதுக்குன்னு ஏதாவது வெச்சிருப்பியோல்லியோ? ஒரு வாய் கொடு. அவருக்கு மட்டும் தெரியவேண்டாம்."

ராஜையன் கழியை ஊன்றி நிறுத்தினான். காலடியில் இருந்த மண்பானையை எடுத்துக் கவிழ்த்துக் காட்டினான். ஒரு சொட்டு விழவில்லை.

"சீரகம் போட்டுக் காய்ச்சின வெள்ளமாக்கும் சாமி. நீங்க கிணத்துக்குப் போனப்ப பாதி, எளநிக்குப் போனப்ப மீதின்னு எல்லாத்தையும் அந்தச் சாமி குடிச்சாச்சுல்லா! பொண்ணுக்க அப்பன் பெரிய ஆசாரக்காரரு, அறிஞ்சா என் பயலுக்குப் பொண்ணு தரமாட்டாரு, நீ வாயைத் திறக்கப்பிடாதுன்னு என் கையைப் புடிச்சிட்டுக் கெஞ்சினாரே!"