ஒரு சொட்டும் சிந்தாத ஊர்

மனிதகுலத்தின் முன்னேற்றத்தை, பழைய வீடியோ கேம் திரையில் தோன்றிய இரண்டு கோடுகளும் துள்ளும் ஒரு புள்ளியுமே தொடங்கிவைத்தன என்பதில் குடிநீர் வாரியப் பொறியாளருக்கு ஐயமே இல்லை. புள்ளி பந்தானது, பந்து பீரங்கிக் குண்டானது, குண்டு முப்பரிமாணம் பெற்றது. அதற்குமேல் வந்ததெல்லாம் வீழ்ச்சி.

"புது கேம்ல ஆளோட வேர்வைகூடத் தெரியுது. வேர்வையைப் பாக்கவா நாம ஆபீஸ் வர்றோம்?" என்று உதவியாளரிடம் கேட்டார்.

"இல்ல சார்" என்று உதவியாளர் உண்மையைச் சொன்னார்.

ஆகவே, அலுவலகக் கணினியில் எமுலேட்டர் நிறுவப்பட்டது. 'நீ முப்பது வருஷத்துக்கு முந்தைய பெட்டி' என்று இன்றைய கணினியை நம்பவைக்கும் மென்பொருள் அது. அந்த அலுவலகக் கணினியை நம்பவைக்க அதிகம் மெனக்கெட வேண்டியிருக்கவில்லை.

பொறியாளர் தேர்ந்தெடுத்தது 'துறை சார்ந்த' விளையாட்டு. தண்ணீர் வந்து சேர்வதற்குள் குழாய்த் துண்டுகளை இணைத்துவிட வேண்டும். 'கள ஆய்வில் உள்ளார்' என்ற பலகையைக் கதவில் மாட்டிவிட்டு, உள்ளே உட்கார்ந்து இணைத்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு மூன்றாம் தெருத் தையற்காரம்மா காலி வாளியோடு வந்தார்.

"சார், உங்க ஆளுங்க தெருவத் தோண்டினதுல குழாய் உடைஞ்சு தண்ணி பூரா ரோட்டுல ஓடுது. வீட்டுக்குள்ள ஒரு சொட்டு இல்ல."

"உக்காருங்கம்மா. தண்ணி கிளம்பிடுச்சு."

"எங்க தெருவுக்கா?"

"பதினோராவது லெவலுக்கு."

திரையில் ஒரு துண்டு தப்பாக விழுந்து நீர் பீறிட்டது. தையற்காரம்மா பதறிப்போய் வாளியை நீட்டிவிட்டார். பொறியாளர் அசரவில்லை. ஒரு விசையைத் தட்டினார். உடைந்த குழாய் உடையாத நேரத்துக்குத் திரும்பியது.

"இதுதாம்மா எமுலேட்டரோட மகிமை. முன்னாடியே சேமிச்சு வச்சுட்டா, தப்பு நடந்தாலும் பழைய இடத்துக்கே போயிடலாம்."

"எங்க தெருவத் தோண்டறதுக்கு முன்னாடி சேமிச்சு வச்சீங்களா?"

கேள்வி தொழில்நுட்பரீதியாகப் பலவீனமானது என்பதால் பொறியாளர் அடுத்த குழாய்த் துண்டை இணைக்கப் போனார்.

அந்தச் சமயம் பார்த்துத் தலைமைப் பொறியாளர் திடீர்ச் சோதனைக்கு நுழைந்தார். நம்மவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. திரையில் தண்ணீர் மட்டும் ஓடியது. வளைவுக்கு வளைவு, மூலைக்கு மூலை, நீலநிறத்தில், கசிவின்றி.

தலைமைப் பொறியாளர் குனிந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"எந்த ஏரியாய்யா இது?"

"பு... புதுசு சார்."

"என் சர்வீஸ்ல இப்படி ஒரு ஏரியாவ நான் பாத்ததே இல்ல" என்று குரல் தழுதழுத்தவர், நின்ற இடத்திலேயே 'ஆண்டின் சிறந்த பொறியாளர்' விருதை அறிவித்தார். உதவியாளர் கைதட்டினார்.

ஓசை அடங்கியதும் தையற்காரம்மா வாளியோடு எழுந்து, மிகுந்த மரியாதையுடன் கேட்டார்:

"சார், அந்த ஏரியாவுல வாடகைக்கு ஏதாவது வீடு கிடைக்குமா?"