பதினைந்துக்கு மேலே லெவல் இல்லை

தாம்பரம் சானடோரியம்,
12.8.2004, வியாழன்

அன்பும் மரியாதையும் நிறைந்த ஷாகுல் மச்சானுக்கு அயூப் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் ஷபீனா அக்காவும் பிள்ளைகளும் அல்லாஹ் கிருபையால் நலம். தம்மாமில் உங்கள் உடல்நலத்துக்கு துஆ செய்கிறோம். நலம் என்று வழக்கத்துக்கு எழுதிவிட்டேன், நான் நலமாக இல்லை. போனில் சொல்லலாம் என்றால் போன் ஹாலில் இருக்கிறது, அக்காவின் காதும் ஹாலில்தான் இருக்கிறது. அசார் சனிக்கிழமை அங்கே வருகிறான், அவன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நீங்கள் சிபாரிசு செய்து வாங்கித் தந்த சிங்கப்பெருமாள் கோவில் கம்பெனி வேலை போய்விடும் போலிருக்கிறது. கம்பெனியின் கம்ப்யூட்டர்களை எல்லாம் ஒன்றாக இணைக்கிற ஸ்விட்ச் என்ற பெட்டியைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. அதற்குள் போக ஆளுக்கொரு பெயர், பாஸ்வேர்ட், லெவல் உண்டு. லெவல் ஒன்று என்றால் பார்க்கலாம், தொடக்கூடாது. பதினைந்து என்றால் எதையும் மாற்றலாம். எனக்குப் பதினைந்து. ஆடிட்டுக்காக இந்தப் பட்டியலை எடுத்துக் கொடுத்தேன், அதுதான் வினை. மேனேஜர் கேசவன் சாருக்கு முகம் சிவந்துவிட்டது. "நேத்து வந்தவன் பதினஞ்சு, இருபது வருஷ சர்வீஸ் நான் ஒண்ணா?" அவருக்கும் பதினைந்து போட்டேன். உடனே ஜி.எம். வேதசிரோமணி சார், "அப்ப எனக்கு இருபது போடுப்பா" என்றார். பதினைந்துக்கு மேலே இல்லை சார் என்று கும்பிடாத குறையாகச் சொன்னேன். "மேல இல்லேன்னா கீழ இருக்குல்ல? மத்தவங்கள எறக்கு." கிரேடு வரிசைப்படி இறக்கினேன். ஜி.எம். பதினைந்து, கேசவன் சார் பத்து, அக்கவுண்ட்ஸ் எட்டு. என்னை நானே ஒன்றுக்கு இறக்கி, சேவ் செய்து, சலாம் வைத்துவிட்டு வந்தேன்.

செவ்வாய்க்கிழமை, சரக்குக்கு பில் போடுகிற டிஸ்பாட்ச் கம்ப்யூட்டருக்குப் போகும் லைன் அந்தப் பெட்டியில் அடைத்துக்கொண்டது. பில் அடிக்க முடியாமல் கேட்டில் லாரிகள் வரிசையாக நிற்கின்றன. திறக்க ஒரு வரி அடித்தால் போதும், அதை ஜி.எம். மட்டும்தான் அடிக்க முடியும். அவருக்கோ பாஸ்வேர்ட் மறந்துபோச்சு. ஒத்தை விரலால அவர் அடிக்கிறதை எல்லாம் பெட்டி தப்பு தப்புங்குது. எல்லாத்தையும் அழிச்சுப் புதுசா ஏத்தலாம், ஆனா மறந்துட்டேன்னு அவர் எழுதிக் கையெழுத்துப் போடணும். "ஜி.எம். மறப்பானாய்யா?"ன்னு கேக்கறார். இங்க ஒருத்தருக்கும் அது தெரியலை, நான் என்ன செய்வேன் மச்சான், பெட்டி முன்னால உக்காந்து பாத்துட்டே இருக்கேன், எனக்குப் பாக்கத்தானே லெவல். சோறு இறங்கலை. ரெண்டு நாளா பஸ்ல நின்னுட்டே போய் நின்னுட்டே வரேன். திங்கட்கிழமை விசாரணை, என்னை விட்டா யாரை மாட்டுவாங்க? அதுக்குள்ள நீங்க கேசவன் சாருக்கு ஒரு போன் போட்டு நாலு வார்த்தை சொல்லணும்.

பிள்ளைகள் உங்களுக்கு சலாம் சொல்லச் சொன்னார்கள். எங்களையும் துஆவில் சேர்த்துக்கொள்ளுங்கள். வஸ்ஸலாம்.

அயூப்

பி.கு.: வெள்ளி மாலை. போன் போட வேண்டாம் மச்சான். ஜும்மா தொழுதுவிட்டு வருவதற்குள் விசாரணையை முடித்துவிட்டார்கள். வயரைத் தப்பாகச் சொருகினான் என்று, வயர் வேலை பார்க்கும் காண்ட்ராக்ட் ஆள் சுந்தர்சிங்கை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். செவ்வாயன்றே அவனைக் கேட்டுக்கு வெளியே அனுப்பியாயிற்று. தினமும் அவன் பைக்கில்தான் நான் போவேன், பஸ்ஸில் நின்றது அதனால்தான். வேறு பெட்டி வாங்குகிறார்கள். அதில் எனக்கு லெவல் இரண்டு.

இன்னொன்று. ஜி.எம்முக்கு டைப் சரியாக வராது. அந்த பாஸ்வேர்டை அவர் சொல்லச் சொல்ல நான்தான் அடித்தேன். "கண்ண மூடிட்டு அடிப்பா" என்றார், மூடிக்கொண்டுதான் அடித்தேன். பியூலா, அவர் மகள் பெயர். அடுத்தவர் பாஸ்வேர்டைத் தெரிந்துவைத்திருந்தால் டிஸ்மிஸ் என்ற தாளில் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். முதல் நாளே வாயைத் திறந்திருந்தால் லாரிகள் போயிருக்கும், யாரும் யாரையும் மாட்டியிருக்க மாட்டார்கள். இன்றைக்கு சுந்தர்சிங் கேட்டில் நின்றுகொண்டு, "நீ சொல்லு அயூப், வயர்ல தப்பு இல்லேன்னு உனக்குத் தெரியும்ல?" என்றான். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.