சாகாத ஃபெரட்டுகள்

ஊரில் இரண்டு வருடம் புள்ளிவிபரவியல் படித்துவிட்டு, ரொறன்ரோவில் ஒரு சின்னப் பிராணியின் ஆயுளைக்கூடக் கணக்கெடுக்கத் தெரியாமல் அவமானப்பட்ட ஆள் நான். இதை ஒளிக்க வழியில்லை. அத்தான் எப்படியும் சொல்லிவிடுவார்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. மல்வேர்னில் அக்காவும் அத்தானும் இருந்த வீட்டில் தங்கியிருந்தேன். எங்கே வேலை கேட்டாலும் கனேடிய அனுபவம் இருக்கிறதா என்றார்கள். (வேலை தராவிட்டால் அதை எங்கே போய் வாங்குவது?) கடைசியில் ஒரு மிருக வைத்தியர் அகப்பட்டார். வீடுகளில் வளர்க்கும் ஃபெரட் எத்தனை வருடம் இருக்கும், என்ன நோயால் சாகும் என்று அவருக்கு நம்பத்தகுந்த தகவல் வேண்டுமாம். டெலிபோனில் என் ஆங்கிலம் யாருக்கும் விளங்காது என்பதால் ஃபெரட் வளர்க்கும் வீடுகளுக்கு நேரில் போகச் சொன்னார். ஐம்பது போர்ம் நிரப்பினால், வேலை தேட ஒரு நற்சான்றுக் கடிதம். எனக்கு அந்தக் கடிதம்தான் உயிர்.

ஃபெரட் என்றால் கீரி மாதிரி நீளமான ஒன்று என்று அத்தானுக்கு விளக்கினேன். கீரிப்பிள்ளைக்கும் சென்சஸோ என்று கேட்டுவிட்டு வேலைக்குப் போனார்.

முதல் வாரமே பொறுமை போய்விட்டது. ஒரு மனுசி, தன்னுடையதற்கு ஒரு நோயும் வந்ததில்லை என்று சொல்லிக்கொண்டே அதற்கு மருந்து பருக்கினார். இன்னொருவரிடம் வயது கேட்டால், விவாகரத்துக்கு முந்தி வாங்கியது என்றார். விவாகரத்து எப்போது என்று நான் எப்படிக் கேட்பது? அந்தச் சனியன் வேறு என் விரலைக் கடித்தது.

பிறகு ரூஜ் பக்கம் ஒரு வீடு. கதவைத் திறந்த பெரியவர், போன கிழமைதான் செத்தது என்று சொல்லி அழத் தொடங்கினார். போர்மில் அடுத்த கேள்வி, சாகும்போது வயது என்ன, காரணம் என்ன. செத்தவீட்டில் அதைக் கேட்கிற வாய் எனக்கு இல்லை. பத்து நிமிடம் நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். பிறகு எங்கள் வழக்கப்படி, போயிட்டு வாறன் என்று சொல்லாமல் எழும்பி நடந்தேன். அந்தப் போர்மைக் கிழித்துப் போட்டேன். அதற்குப் பிறகு செத்த வீடெல்லாம் இதே கதைதான். (அக்காவோ செத்தவீட்டுத் துடக்கு என்று ஒவ்வொரு முறையும், தலையில் தண்ணீர் வார்க்காமல் சமைக்கிற குசினிக்குள் விடவில்லை. வெளியே பனி கொட்டுகிறது.)

ஐம்பது போர்மையும் பெருமையாகக் கொடுத்தேன். டொக்டர் புரட்டினார். திரும்பவும் முதலில் இருந்து புரட்டினார்.

"உங்களுடைய கணக்குப்படி ரொறன்ரோவில் ஃபெரட் சாகவே சாகாது," என்றார்.

அதோடு, நீங்கள் அனுப்பிய ஆள் வந்து நிலத்தைப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போனான் என்று பலர் முறைப்பாடு செய்திருந்தார்களாம். எங்கள் வழக்கத்தை விளக்கப் பார்த்தேன். என் ஆங்கிலம் பாதி வழியில் நின்றுவிட்டது. செத்ததை விட்டுவிட்டு ஆயுளைக் கணிக்க முடியாது என்று படித்தவனுக்குத் தெரியாதா? தெரியும். கேட்கத்தான் வெட்கம். இன்றைக்கும் என்னை நானே அறையலாம் போல இருக்கிறது.

கடிதம் தந்தார். ஒரே வரி. இவர் மிகவும் மரியாதையானவர். அதை வைத்து மிசிசாகாவில் பெட்டி அடுக்கும் வேலைதான் கிடைத்தது.

அத்தான் விடுவாரா? எந்த வீட்டில் யார் வருத்தம் வந்து படுக்கையில் கிடந்தாலும், உவனை அனுப்புங்கோ, உவன் கணக்கெடுத்தால் ஒருத்தரும் சாகமாட்டினம் என்று முப்பது வருடமாகச் சொல்கிறார். போன வருடம் அவருக்கே நெஞ்சில் ஒப்பரேசன். கட்டிலைத் தள்ளிக்கொண்டு போகும்போது என் கையைப் பிடித்தார்.

"தம்பி, என்ர பேரிலயும் ஒரு போர்ம் நிரப்பு."

அக்கா அழுதுகொண்டே சிரித்தா. எனக்குச் சிரிப்பு வரவில்லை. மருத்துவமனைக் கடுதாசி ஒன்றின் பின்பக்கத்தில் அவர் பேரையும் வயதையும் எழுதிக்கொண்டு, அவர் வெளியே வரும்வரைக்கும் கையில் வைத்திருந்தேன். ஆள் இப்போது சுகம். தன்னையும் சேர்த்து அந்தக் கதையை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். எனக்குப் பத்திக்கொண்டுதான் வருகிறது. ஆனாலும் அவர் சொல்லி முடிக்கும்வரைக்கும் இருந்து கேட்கிறேன்.