பஞ்சு மெத்தைக் குரலுக்கு நூற்றுக்கு நூறு

மதிப்பிற்குரிய ஆராய்ச்சிப் பிரிவு மேலாளர் அவர்களின் மேலான சமூகத்துக்கு,

தங்கள் கம்பெனி தரும் உதவித்தொகையில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துவரும் பெண்ணின் தகப்பன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நாங்கள் நலம். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலமாக இருக்க வேண்டும், முக்கியமாக இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகும்.

நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியன். மகள் என்ன ஆராய்ச்சி செய்கிறாள் என்று யாராவது கேட்டால், "ஒலிச் சுருக்கம்" என்று சொல்லிவிட்டு அவசரமாகப் பேச்சை மாற்றிவிடுவேன். ஒரு நாள் அவளே என்னை உட்காரவைத்து விளக்கினாள். "ஒரு குரல்ல காது கவனிக்காத பகுதி நிறைய இருக்குப்பா. அதைக் கண்டுபிடிச்சுத் தூக்கி எறிஞ்சிட்டா மிச்சத்தைச் சின்னதாச் சுருக்கி அனுப்பிடலாம். கேக்கிறவங்களுக்கு வித்தியாசமே தெரியக் கூடாது." துணி மடித்துக்கொண்டிருந்த என் மனைவி, "அப்படின்னா என் குரலைச் சுருக்கக் கஷ்டமே இல்ல. நான் பேசறதுல இந்த வீட்டுல யாரும் எதையும் கவனிக்கிறதில்ல. மொத்தத்தையும் எறிஞ்சிடலாம்" என்றாள். அவள் இப்படித்தான் ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பாள், தாங்கள் பொருட்படுத்த வேண்டாம்.

விஷயத்துக்கு வருகிறேன். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அந்தக் கதிதான் என் மகளுக்கு. பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் "எங்கேம்மா கட்டுரை?" என்கிறார். தாங்கள் "எங்கேம்மா போன்ல போடற மாதிரி ஒண்ணு?" என்கிறீர்கள். போன மாதம் அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்: "சோதனையில ஜனங்க அசலுக்கும் நான் சுருக்கினதுக்கும் வித்தியாசம் கண்டுபிடிச்சிட்டா, கம்பெனி அடுத்த வருஷம் பணம் தராதுப்பா. பட்டம் பாதியிலேயே நின்னுடும்." இதைக் கேட்ட பிறகு பெற்ற தகப்பன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியுமா? நீங்களே சொல்லுங்கள்.

அந்தச் சோதனையை எங்கள் வீட்டுப் பின்னறையிலேயே, குடியிருப்பில் உள்ளவர்களை வைத்து நடத்தப்போவதாகச் சொன்னாள். வெளிச்சத்தம் கேட்கக் கூடாது என்று வீட்டில் இருந்த மெத்தை, போர்வை எல்லாம் சுவரில் ஏறின. நாங்கள் வெறுந்தரையில் படுத்தோம். ஃபிரிட்ஜ் முனகுகிறது என்று அதை அணைத்தாள், பால் திரிந்தது. கம்ப்யூட்டர் திரையில் சில பட்டன்கள். எதை அழுத்தினாலும் ஒரே வாக்கியம்: "மழை வர்ற மாதிரி இருக்கு, மாடியில காயற துணியை எடுத்துடு." ஒன்று அசல். ஒன்று என் மகள் சுருக்கியது. இன்னொன்று, காதைக் கொடுக்காமல் மார்க் போடுகிறவர்களைப் பிடிப்பதற்காக வேண்டுமென்றே கெடுத்துவைத்தது. எது எதுவென்று சொல்ல மாட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் நூற்றுக்கு இத்தனை என்று மார்க் போட வேண்டும்.

மார்க் என்ற சொல்லைக் கேட்டதும் என் பழைய ரத்தம் சூடேறிவிட்டது ஐயா. இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றால் எந்தக் கேள்விக்கு எந்தப் பையன் எழுந்திருக்க வேண்டும் என்று முதல் நாளே தயார்செய்து வைக்கிறவன் நான். "உன்னோடது எந்த பட்டன்?" என்று மகளைக் கேட்டேன். "எனக்கே தெரியாதுப்பா, ஒவ்வொரு ஆளுக்கும் கலைச்சுப் போடும்" என்றாள். அவள் ஏதோ ஒயர் வாங்கக் கடைக்குப் போன நேரத்தில் நானே ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். இரண்டு குரல்கள் கூராக, எழுத்துக்கு எழுத்து காதில் குத்தின. ஒன்று மட்டும் பஞ்சு மெத்தை மாதிரி மெத்தென்று இருந்தது. என் மகள் சிறு வயதிலிருந்தே அதிர்ந்து பேசாதவள். இதுதான் அவளுடையது என்று தீர்மானித்துவிட்டேன்.

படிக்கட்டில் நின்றுகொண்டு உள்ளே போகிற ஒவ்வொருவரிடமும், "மெத்துன்னு கேக்கிறதுக்கு நூறு, கூரா கேக்கிறதுக்கு இருபதைத் தாண்டாதீங்க" என்று ஓதி அனுப்பினேன். கீழ்வீட்டு எலெக்ட்ரீஷியன் பாதியில் எழுந்து வந்தார். "சார், அது போர்வைக்குள்ள தலையை விட்டுப் பேசற மாதிரி இருக்கே. நெஜமாவே நூறா?" என்றார். "பெத்தவனுக்குத் தெரியாதா? போடுய்யா" என்றேன். மூன்றாம் மாடித் தையற்காரம்மா அந்த வாக்கியத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டு, ஹெட்போனைக் கழற்றிய கையோடு மொட்டைமாடிக்கு ஓடிக் குடியிருப்பின் மொத்தத் துணியையும் வாரிக்கொண்டு வந்துவிட்டார். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. எது யார் சட்டை என்ற பஞ்சாயத்து சாயங்காலம் வரை நடந்தது.

எல்லாரும் போன பிறகு மகள் திரையைப் பார்த்தாள். கெடுத்துவைத்த குரலுக்கு எல்லாரும் நூற்றுக்கு நூறு. அசலுக்கு இருபது. அவளுடையதற்கும் இருபது. "அப்பா, படிக்கட்டுல நின்னு என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்றாள். "காத்து வாங்கிட்டிருந்தேன்" என்றேன். அவள் சுவரிலிருந்து மெத்தைகளை இறக்க ஆரம்பித்தாள்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை தம்பி. (கம்பெனிப் படத்தில் பார்த்தேன், தங்களுக்கு என் மாணவர்கள் வயதுதான் இருக்கும்.) நான்கு வருடமாகக் காதைத் தீட்டித் தீட்டி அவள் உருவாக்கியதை, பூமாலையைப் பிய்த்த குரங்காக நான் வந்து கெடுத்துவிட்டேன். அந்த இருபது மார்க் அவளுடையதல்ல, என்னுடையது. தயவுசெய்து பணத்தை நிறுத்தாதீர்கள். இன்னொரு சோதனை வையுங்கள். அன்றைக்கு நான் ஊரிலேயே இருக்க மாட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

தங்கள் இல்லத்தில் என்றும் நல்ல செய்திகளே காதில் விழட்டும். பெரியவர்களுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசி.

இப்படிக்கு,
தங்கள் ஆராய்ச்சி மாணவியைப் பெற்ற பாவி

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போடும்போது மகள் பிடுங்கிப் படித்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அசலுக்கும் இருபது, என்னோடதுக்கும் இருபது! இவ்வளவு ஓதியும் ரெண்டையும் ஒருத்தராலயும் பிரிக்க முடியலையேப்பா!" என்றாள். வீட்டில் நடந்தது வெறும் வெள்ளோட்டமாம். உண்மையான சோதனை பல்கலைக்கழகத்தில் முன்பின் தெரியாதவர்களை வைத்து நடந்து, நன்றாக வந்து, தாங்களும் இன்னும் ஒரு வருடத்துக்குப் பணம் தருவதாகச் சொல்லிவிட்டீர்களாமே! "எனக்கு ஏன் யாரும் சொல்லல?" என்று கத்தினேன். மனைவி வந்து நின்றாள். "வெள்ளோட்டம்தான், படிக்கட்டுல போய் நிக்காதீங்கன்னு அன்னைக்கே சொன்னேன், 'ம்'னு சொன்னீங்க. பணம் வந்துடுச்சுன்னு போன வாரம் சாப்பிடும்போது சொன்னேன், அதுக்கும் 'ம்'னு சொன்னீங்க" என்றாள். ஆகவே மேலே கண்டதைத் தாங்கள் படிக்காததாகவே வைத்துக்கொள்ளவும். மகள் கிழிக்கத்தான் சொன்னாள். ஆனால் தங்கள் குடும்பத்தை நலம் விசாரித்து எழுதிய தாளைக் கிழிக்க எனக்கு மனம் வரவில்லை.

ஒரே ஒரு விண்ணப்பம். காது எறிந்துவிட்ட பகுதியைத் திரும்ப எடுத்துக்கொடுக்கும் மெஷின் ஏதாவது தங்கள் கம்பெனியில் வந்தால், முதலில் எனக்குச் சொல்லுங்கள். என் மனைவியின் முப்பத்துச் சொச்சம் வருடப் பேச்சு பாக்கி இருக்கிறது. இப்போதுகூட அடுப்படியிலிருந்து அவள் என்னவோ சொன்னாள், நானும் எழுதிக்கொண்டே "ம்" என்று சொல்லிவிட்டேன். என்னவென்று எழுந்துபோய்க் கேட்கிறேன்.