சுபத்துக்குப் பின் வந்த உடும்பு

‘மலைமுழுங்கி’ படத்தை இந்த ஜென்மத்தில் பார்ப்பதில்லை என்று சமுத்திரம் சபதம் எடுத்தது ஒரு வெள்ளிக்கிழமை. செவ்வாய்க்கிழமை மத்தியானம் வரை அந்தச் சபதம் நல்ல ஆரோக்கியமாக இருந்தது.

சமுத்திரம் இராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் ஃபிட்டர். அது வயிற்றுக்காகச் செய்கிற வேலை. அவர் மனசாரச் செய்கிற வேலை, சினிமா விமர்சனம். மில் வாசல் டீக்கடையில் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு அவர் “தேறும்” என்றால் நாலு பேர் அன்றைக்கே டிக்கெட் எடுப்பார்கள். “தேறாது” என்றால் நாலு பேரும் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்வார்கள். ஒரு வாரப் பத்திரிகைக்கு அவர் எழுதிப் போட்ட கார்டிலிருந்து எண்பத்து நாலாம் வருஷம் மூன்று வரி அச்சாகியிருந்தது. அந்த மூன்று வரியையும் கண்ணாடி போட்டு முருகன் படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டியிருந்தார். அவர் பெண்சாதி வெள்ளைத்தாய் இரண்டுக்கும் சேர்த்தே பத்தி காட்டுவாள். சிரிக்காமல் காட்டுவாள், அதுதான் அவளுடைய சாமர்த்தியம்.

வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. எந்தப் படமானாலும் முதலில் அவர் தனியாகப் பார்ப்பார். தேறினால் ஞாயிற்றுக்கிழமை வெள்ளைத்தாயைக் கூட்டிக்கொண்டு போவார். அவர் தராசில் தேறுவதெல்லாம் அழுகைப் படம். கல்யாணமான பதினோரு வருஷத்தில் அவள் பார்த்தது பூராவும் இருமுகிற அண்ணன்களும் கண் தெரியாத தங்கச்சிகளும்தான். அவளுக்குப் பிடித்ததோ கத்திச் சண்டையும் ராட்சசனும். பகல் முழுக்கப் பேண்டேஜ் கம்பெனியில் உட்கார்ந்து ஊரார் காயத்துக்குத் துணி சுருட்டுகிறவள், சாயங்காலம் டிக்கெட் வாங்கி வேறு அழ வேண்டுமா என்பது அவள் கட்சி. அந்தக் கட்சிக்கு வீட்டில் ஓட்டு இல்லை.

எண்பத்தெட்டு கார்த்திகையில் ‘மலைமுழுங்கி’ வந்தது. ராஜா காலத்துக் கதை. மலை உயரம் ஓர் உடும்பு. போஸ்டரில் அது யானையைப் பாதி விழுங்கியிருந்தது. மிச்சப் பாதிக்குப் பக்கத்தில் இளவரசன் வேலோடு நின்றான். சமுத்திரம் சைக்கிளை விட்டு இறங்கவே இல்லை. ஒரு காலைத் தரையில் ஊன்றியபடி, “தேறாது” என்று தீர்ப்பு சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

படம் பிய்த்துக்கொண்டு ஓடியது.

“அண்ணாச்சி, நீங்க தேறாதுன்னிய,” என்றான் கூட வேலை செய்கிற மாரிச்சாமி. “நேத்து முதல் ஆட்டத்துல ஒரு பொம்பள வெத்தலப் பெட்டியத் தூக்கி உடும்பு மேல எறிஞ்சுட்டா. திரையில சுண்ணாம்பு அப்படியே இருக்கு.”

“நம்ம ஊரு நாய் ரெண்ட அவுத்துவிட்டா அந்த உடும்பு நிக்குமாலே?”

“யானையே நிக்கலையே அண்ணாச்சி. ஆமா, நீங்க பாத்தீயளா?”

“எதுக்குப் பாக்கணும்? ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்.”

“அந்த ஒரு சோத்தையாவது எடுத்துப் பாக்கணும்லா?”

டீக்கடையே சிரித்தது. சமுத்திரத்துக்குச் சுருக்கென்றது. வீட்டுக்கு வந்தால், பக்கத்து வீட்டுத் தங்கபாய் முற்றத்தில் நின்று கையை ஆட்டி ஆட்டி வெள்ளைத்தாயிடம் கதை சொல்லிக்கொண்டிருந்தாள்.

“பைபிள்ல, வெளிப்படுத்தல்ல ஒரு மிருகம் வருமே, அதே மாதிரி இருக்குட்டி! நான் ஞாயித்துக்கிழம ஆராதன முடிஞ்சதும் திரும்பவும் போறேன்.”

வெள்ளைத்தாய் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள்.

“ஏங்க, ஒரு நட போயிட்டு வருவமா?”

“தேறாதுன்னு சொன்னேம்லா?”

“பாத்துட்டுச் சொன்னாச் சரி. பாக்காமச் சொன்னா எப்படி?”

“பாக்கவும் மாட்டேன். நீயும் பாக்கக் கூடாது. மலை மேல இருக்க அய்யனார் சத்தியம்!”

“ஒருவேள நீங்க பாத்துட்டா?”

“பாத்தேன்னு நீ ருசுப் பண்ணிட்டேன்னா, இனிமே இந்த வீட்டுல என்ன படம் போறதுங்கத நீதான் சொல்லணும். நான் பையத் தூக்கிட்டுப் பின்னால வாரேன்.”

“தங்கபாய் அக்கா, கேட்டுக்கிட்டியளா?” என்றாள் வெள்ளைத்தாய்.

“கேட்டுக்கிட்டேன்,” என்றாள் தங்கபாய்.

ஒரு விமர்சகனுக்குப் பசியைத் தாங்கலாம், பார்க்காத படத்தைத் தாங்க முடியாது. சனிக்கிழமை மில்லில் அந்த யானையைப் பற்றியே பேசினார்கள். ஞாயிற்றுக்கிழமை சலூனில் பேசினார்கள். திங்கட்கிழமை கனவில் உடும்பு வந்து, “என்னைப் பாக்காமலே ஏசுதியேடே,” என்று அவரிடமே நியாயம் கேட்டது. செவ்வாய்க்கிழமை மில்லில் அவருக்கு வார லீவு. காலையிலேயே முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டார்.

“ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒரு துட்டி. முன்ன கூட வேலை பாத்தவரோட அப்பா தவறிட்டாராம். போய் ஒரு எட்டு தலையக் காட்டணும்.”

துட்டி கேட்கப் போகிறவனை நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்கிற வழக்கம் நம் பக்கத்தில் கிடையாது. வெள்ளைத்தாயும் “பாவம்” என்று மட்டும் சொன்னாள்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலும் அதே படம்தான். படப்பெட்டி வந்தது ஒன்றே ஒன்று. இராஜபாளையத்தில் ஓடி முடிந்த ரீலை உடனுக்குடன் ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கொண்டுபோய், முக்கால் மணி நேரம் தள்ளி அங்கே ஓட்டுவார்கள். கொண்டுபோகிறவன் வெள்ளைத்தாயின் தம்பி பொன்னுராஜ். மொபெட்டில் நாளெல்லாம் இரண்டு ஊருக்கும் அலைவான். அவன் கண்ணில் படாமல் இருக்க, சமுத்திரம் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஒரு தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தார்.

படம் ஆரம்பித்துப் பத்து நிமிஷத்தில் துண்டு மடிக்கு வந்தது. அரை மணியில் தலைக்கு மேல் சுழன்றது. உடும்பு கோட்டைச் சுவரை நக்கியபோது அவர் விசிலடித்தார். விசிலடித்துப் பதினைந்து வருஷம் ஆகியிருந்ததால் பாதி காற்றாகத்தான் வந்தது. இருந்தாலும் அடித்தார்.

கடைசியில் ரீல் வரத் தாமதமாகிக் கொஞ்ச நேரம் விளக்கைப் போட்டார்கள். கூட்டம் ஊளையிட்டது. மறுபடி இருட்டானது. இளவரசன் வேலை எறிந்தான், உடும்பு மலை சரிகிற மாதிரி விழுந்து செத்தது. இளவரசி மாலை போட்டாள். ‘சுபம்’ என்று எழுத்து வந்தது. எல்லோரும் எழுந்து வேட்டியை உதறிக் கட்டினார்கள். அப்போது, திரையில் அதே உடும்பு மறுபடியும் வந்தது! யானைப் படையையே வரிசையாக விழுங்கியது. மாலை வாங்கிய அதே இளவரசனை வாலால் ஒரு தட்டுத் தட்டிப் பள்ளத்தில் தள்ளியது. அத்தோடு படம் முடிந்தது. கூட்டம் நின்றபடியே கைதட்டியது.

சமுத்திரத்துக்குக் கண் கலங்கிவிட்டது. கல்யாணம் முடிந்தால் கஷ்டம் முடிந்தது என்று இத்தனை காலமும் எல்லாப் படமும் புளுகி வந்திருக்கிறது. மாலை மாற்றிய பிறகுதான் உண்மையான உடும்பு வரும் என்று சொல்ல ஒரு டைரக்டருக்குத் தைரியம் இருந்திருக்கிறது! இதை யாரிடமும் சொல்ல முடியாது என்பதுதான் கொடுமை. பால்கோவாக் கடையைக் கூடத் திரும்பிப் பாராமல் பஸ் ஏறினார். சாவு வீட்டுக்குப் போனவன் இனிப்போடு வந்தால் மாட்டிக்கொள்வோமே என்கிற அளவுக்கு அவருக்குப் புத்தி வேலை செய்தது.

வாசலிலேயே வெள்ளைத்தாய் மறித்தாள்.

“துட்டிக்குப் போயிட்டு அப்படியே உள்ள வாரியளே. பின்பக்கமாப் போங்க. தண்ணி எடுத்து வச்சிருக்கேன், தலைக்கு ஊத்துங்க.”

கார்த்திகைக் குளிரில் மூன்று வாளிப் பச்சைத்தண்ணீர். பல் தந்தியடிக்கச் சாப்பிட உட்கார்ந்தார். அவள் குழம்பை ஊற்றிக்கொண்டே பேச்சை ஆரம்பித்தாள்.

“நீங்க சொன்னதுதாங்க சரி. அந்தப் படம் தேறாது.”

சமுத்திரம் நிமிர்ந்தார். “ஏன்?”

“தங்கபாய் அக்காட்ட முழுக்கக் கேட்டேன். சப்புன்னு இருக்கு. உடும்பு சாவுது, மாலைய மாத்துதாவ, சுபம். எல்லாப் படமும் அப்படித்தான முடியுது? இதுல என்ன புதுசு?”

சமுத்திரம் சோற்றைப் பிசைந்தார். வேகமாகப் பிசைந்தார்.

“அந்த டைரக்டருக்கு மூளையே இல்லைங்கேன்,” என்றாள்.

அவரால் எதையும் பொறுக்க முடியும், தப்பான விமர்சனத்தைப் பொறுக்க முடியாது.

“அவனுக்கா மூளை இல்ல? சுபத்தோட எந்திரிச்சு வந்தாளே, உங்க தங்கபாய்க்குத்தான் இல்ல! சுபத்துக்குப் பொறவுதாம்ட்டி படமே ஆரம்பிக்குது! செத்த உடும்பு திரும்பி வருதுல்லா? யானையெல்லாம் முழுங்குதுல்லா?”

தவளை தன் வாயால் கெட்டது. வெள்ளைத்தாய் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“மில்லுல… மாரிச்சாமி சொன்னான்,” என்றார் மெதுவாக.

“மாரிச்சாமி அண்ணன் எந்த ஊருல பாத்தாவ?”

“இங்கனதான். நம்ம ஊருல.”

வெள்ளைத்தாய் அடுப்படிப் பக்கம் திரும்பினாள். “ஏலே பொன்னுராஜ், செத்த இங்க வா.”

பொன்னுராஜ் நொண்டிக்கொண்டு வந்தான். முழங்காலில் அவள் கம்பெனித் துணியால் நல்ல கட்டு.

“அத்தான், வெளிய சொல்லிராதிய. வழியில வண்டி சறுக்கி விழுந்துட்டேன். கடைசி ரெண்டு ரீலும் ஒண்ணா லேட்டாப் போச்சா, அந்த அவசரத்துல ஆபரேட்டர் கடைசி ரீல முன்னாலயும், அதுக்கு முந்துன ரீலக் கடைசியாவும் ஓட்டிப்புட்டான். செத்த பொறவு உடும்பு வந்தது ஸ்ரீவில்லிபுத்தூர்ல மட்டுந்தான். அதுவும் இன்னிக்கு மத்தியான ஆட்டத்துல மட்டுந்தான்.”

“அந்த நேரத்துல நீங்க துட்டி வீட்டுலல்லா இருந்திய?” என்றாள் வெள்ளைத்தாய்.

சமுத்திரம் குழம்பைப் பார்த்தார். அப்புறம் மீசையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றார். விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாத வம்சம்.

“சத்தியம் தோத்துட்டு. ஒத்துக்கிடுதேன். ஆனா விமர்சனம் தோக்கல! மாத்தி ஓட்டினதுதான் சரியான படம். நீங்க பாத்ததுதான் தப்பு. மாப்ள, நாளையில இருந்து ரெண்டு ஊருலயும் அப்படியே ஓட்டச் சொல்லு!”

“என் வேல போயிரும் அத்தான்.”

“நாங்க பாத்ததுன்னியளே,” என்றாள் வெள்ளைத்தாய். “அது மட்டும் சரி. நான் மூணு தடவ பாத்துட்டேன். நீங்க சாயங்கால ஷிப்டுக்குப் போனதும் தம்பி கொட்டகைப் பக்கத்துக் கதவத் தொறந்து விடுவான்.”

“கூடாதுன்னு சொன்னேம்லா?”

“சத்தியம் பண்ணது நீங்கதான?”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்ன படம் என்று வெள்ளைத்தாய்தான் சொன்னாள். ‘மலைமுழுங்கி’யேதான். பெண்கள் வரிசையில் புகுந்து இரண்டு டிக்கெட் எடுத்து வந்தாள். முறுக்கும் தண்ணீர்ப் பாட்டிலும் இருந்த பையைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் போனார். இரண்டு வரிசை தள்ளி மாரிச்சாமியும் மில் ஆட்கள் பத்துப் பேரும் உட்கார்ந்திருந்தார்கள். தேறாத படத்துக்கு வந்தவரை அவர்கள் கண்டுகொள்வதற்கு முன்னால் தப்பித்துவிட வேண்டும். உடும்பு செத்தது, மாலை விழுந்தது, ‘சுபம்’ வந்தது. விளக்கு எரிவதற்குள் சமுத்திரம் தலையில் துண்டைப் போட்டு எழுந்தார்.

வெள்ளைத்தாய் அவர் கையைப் பிடித்தாள். அதுதான் உடும்புப்பிடி. விளக்கு எரிந்தது. பின்வரிசை வரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

“எங்க போறிய? உக்காருங்க. சுபத்துக்குப் பொறவுதான படமே ஆரம்பிக்குது!”